பழம் போட்ட கோல்ட் ப்ரூ தேத்தண்ணி: பச்சத்தண்ணில தேயிலை எப்படி சாறு விடுது?

போன மாசம் ஒரு நாள் காலைல அண்ணி போன் பண்ணாங்க. "தம்பி, நீ சொன்னியே கோல்ட் ப்ரூ, அதைத்தான்பா போட்டேன். நல்லா கொதிக்க கொதிக்க பாலில்லாம தே ஓ போட்டு, ஆற வெச்சு, எலுமிச்சங்காய வட்ட வட்டமா அரிஞ்சு போட்டு ராத்திரி பூரா பிரிட்ஜ்ல வெச்சேன். இப்ப பாத்தா சேறு மாதிரி கலங்கிக் கெடக்கு, வாயில வெச்சா கசக்குது. தைப்பூசத்துக்கு நம்ம தண்ணீர்ப் பந்தல்ல இதையே குடுக்கலாம்னு நெனச்சிருந்தேன்"ன்னு ரொம்ப வருத்தமா சொன்னாங்க.

அண்ணிய குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. இங்க மலேசியால, பினாங்குல எந்த கபேக்குப் போனாலும் கோல்ட் ப்ரூ ஃப்ரூட் டீன்னு பலகைல எழுதி வெச்சிருக்காங்க, நான் குடிச்ச பல இடத்துல அது சுடு தேத்தண்ணிய ஐஸ் மேல ஊத்தி ரெண்டு துண்டு பழம் மிதக்க விட்டதுதான். ஒரே பேர ரெண்டு வேற வேற பானத்துக்கு வெச்சா வீட்ல செய்றவங்க எதப் பாத்து கத்துக்குவாங்க. அதனால இத முதல்ல இருந்து, தேயிலை தண்ணில விழுந்தா என்ன நடக்குதுன்னு அங்கேருந்தே சொல்றேன். அது புரிஞ்சிட்டா அளவெல்லாம் நீங்களே மாத்திக்கலாம்.

ஐஸ் தே வேற, கோல்ட் ப்ரூ வேற

தமிழ் முஸ்லிம்காரங்க நடத்துற மாமாக் கடைல நாம கேக்குற தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை பிழிஞ்ச ஐஸ் தேத்தண்ணி) இருக்கே, அது சுடுதண்ணில சாறு இறக்கி அப்புறம் குளிர வெச்சது. கோல்ட் ப்ரூங்கறது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சுடுதண்ணியே படாம, பச்சத்தண்ணில, அதாவது சூடில்லாத தண்ணில, தேயிலைய மணிக்கணக்கா ஊற வெச்சு எடுக்குறது. ரெண்டும் குடிக்கும்போது ஜில்லுன்னுதான் இருக்கும், ஆனா குடிக்கும்போது எவ்ளோ ஜில்லுங்கறது இங்க விஷயமே இல்ல, சாறு இறங்குன நேரத்துல தண்ணி சூடா இருந்துச்சா குளிரா இருந்துச்சாங்கறதுதான் விஷயம்.

அண்ணி செஞ்சது ஐஸ் தே. அதுவும் நல்ல பானம்தான், எனக்கும் புடிக்கும், ஆனா அதுக்கு வழிமுறை வேற.

புளி ஊற வைக்கிற கதைதான்

சாம்பாருக்கு புளி ஊறப் போடுறோம்ல. அவசரம்னா சுடுதண்ணி ஊத்துவோம், அஞ்சு நிமிஷத்துல கரைஞ்சிரும். பச்சத்தண்ணின்னா அரை மணி நேரமாவது ஆகும். ஆனா அவசரத்துல கொட்டை, நார், ஓடு எல்லாத்தையும் சேத்து கொதிக்க விட்டுட்டீங்கன்னா புளிப்போட கூடவே ஒரு துவர்ப்பும் இறங்கிரும், அப்புறம் எவ்ளோ வெல்லம் போட்டாலும் அது போகாது.

தேயிலைலயும் இதே கதைதான். காஞ்ச இலைக்குள்ள நூத்துக்கணக்கான பொருள் இருக்கு, மணம் தர்றது, இனிப்பு தர்றது, துவர்க்கிறது, கசக்கிறது, கலர் தர்றது. அதுங்க இலைய விட்டு தண்ணிக்கு வர்றதத்தான் எக்ஸ்ட்ராக்ஷன்னு சொல்வாங்க, நம்ம பாஷைல சாறு இறங்குறது. எப்படி இறங்குது? இலைக்குள்ள கூட்டம் ஜாஸ்தி, வெளிய தண்ணில ஒண்ணுமே இல்ல, அதனால கூட்டமா இருக்குற எடத்துல இருந்து காலியான எடத்துக்கு தானா நகர்ந்து போகுது. இதுக்குப் பேரு டிஃப்யூஷன். சாமி ரூம்ல ஊதுபத்தி ஏத்துனா கொஞ்ச நேரத்துல ஹால் பூரா மணக்குதே, அதுவும் இதே மாதிரிதான், காத்தும் கூட சேந்து தூக்கிட்டுப் போகுது.

சாறு இறங்குறத கண்ணாலயே பாக்கலாம். ராத்திரி ஒரு கண்ணாடி ஜாடில பச்சத்தண்ணி ஊத்தி அதுல தேயிலைய போட்டுட்டு உடனே போயிராம கொஞ்ச நேரம் பக்கத்துல நில்லுங்க. முதல்ல இலை எல்லாம் மேல மிதக்கும், ஒண்ணுமே நடக்காது. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு ஒவ்வொரு இலைக்கும் கீழ மெல்லிசா ஒரு செந்நிற நூல் தொங்க ஆரம்பிக்கும், ஆடாம அசையாம நேரா அடிக்கு எறங்கும், புகை தலைகீழா போற மாதிரி. பத்து நிமிஷத்துல ஜாடி அடில ஒரு விரக்கடை அளவுக்கு தேன் கலர் தேங்கி நிக்கும், மேல தண்ணி இன்னும் தெளிவா இருக்கும். நான் எத்தனையோ தடவ பாத்தாச்சு, இன்னும் லைட்ட அணைக்காம நின்னு பாத்துட்டுத்தான் படுக்கப் போவேன்.

சூடு என்ன பண்ணுதுன்னா இந்த நகர்றத வேகமாக்குது, அதோட குளிர்ல லேசுல கரையாத பொருளையும் புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துருது. குளிர் தண்ணிக்கு அந்த பலம் இல்ல. சீக்கிரம் கரையுறது மட்டும் முதல்ல வரும், மத்தது ரொம்ப மெதுவா, கொஞ்சமா வரும். கோல்ட் ப்ரூவோட குணம் பூரா இங்கதான் இருக்கு.

துவர்ப்பும் கசப்பும் ஒண்ணு இல்ல

இந்த எடத்துல நம்ம தமிழ்ல ஒரு பெரிய வசதி இருக்கு, ஏன்னா அறுசுவைல துவர்ப்புக்குன்னு தனியா ஒரு பேர வெச்சிருக்கோம். பாக்கு மென்னா, வாழைக்காய பச்சையா கடிச்சா, நாவப்பழம் தின்னா நாக்கு இழுத்துப் புடிச்ச மாதிரி வறண்டு போகுதே அதுதான் துவர்ப்பு. பாகற்காய்ல வர்றது கசப்பு. தேத்தண்ணி கடுப்பா இருக்குன்னு சொல்லும்போது நாம பெரும்பாலும் ரெண்டையும் சேத்துச் சொல்லிடுறோம்.

துவர்ப்பு எதனால வருதுன்னா டேனின்னு ஒரு வகைப் பொருளால. எச்சில்ல இருக்குற புரதத்த அது போயி புடிச்சுக்கும், எச்சிலோட வழுவழுப்பு போயிரும், அதான் வாய் வறண்ட மாதிரி தெரியுது. சுடுதண்ணி டேனின நிறைய இழுக்கும், பச்சத்தண்ணி அந்த அளவுக்கு இழுக்காது. இன்னொரு பக்கம் தேயிலைல தியனின்னு ஒண்ணு இருக்கு, லேசான இனிப்பும் ரசத்துல இருக்குற மாதிரி ஒரு ருசியும் தர்றது, அது குளிர்லயும் சுலபமா கரையும். ஒண்ணு கம்மியா வருது, இன்னொண்ணு நல்லா வருது, அதனாலதான் கோல்ட் ப்ரூ சர்க்கரை போடாமலே கொஞ்சம் இனிச்ச மாதிரி தெரியுது.

எல்லாத்துக்கும் இதுவே சிறந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். தே தாரிக்குக்கு, அதான் பால் ஊத்தி நுரைக்க ஆத்துற தேத்தண்ணிக்கு, அந்த கடுப்பு வேணும், கட்டிப் பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிக்கிறதே அந்த டேனின்தான். கோல்ட் ப்ரூல பால் ஊத்துனா சப்புன்னு போயிரும், பழம் போட்டதுல ஊத்துனா புளிப்புல திரிஞ்சும் போகும்.

இதுவரைக்கும் பாத்தது இவ்ளோதான்: சூடு சீக்கிரமா எல்லாத்தையும் இறக்குது, குளிர் மெதுவா லேசானத மட்டும் இறக்குது. துவர்ப்பு கம்மியாகுறதுக்கு அதுதான் காரணம்.

அண்ணியோட ஜாடி ஏன் கலங்குச்சு

கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அண்ணி கொட்டிட்டாங்க, ஆனா அது கெடல. கடுப்பமா போட்ட சுடு தேத்தண்ணில டேனின் வகைப் பொருளும் தூக்கத்த விரட்டுற கஃபீனும் நிறைய இருக்கும், சூடா இருக்குற வரைக்கும் ரெண்டும் தனித்தனியா கரைஞ்சு இருக்கும், ஆறுனதும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டையா ஆயிரும். அதுதான் கலங்கல். அந்த கலங்குன தேத்தண்ணிய திரும்ப சூடு பண்ணிப் பாருங்க, தெளிஞ்சிரும், அத வெச்சே இது அழுகல் இல்லன்னு தெரிஞ்சிக்கலாம். கோல்ட் ப்ரூல இந்த சேர்மானத்துக்கு வேண்டிய அளவு சரக்கே இறங்கறதில்ல, அதான் காலைல கண்ணாடி மாதிரி இருக்கு.

சந்தேகம்னா ஒரே பாக்கெட்ல இருந்து ஒரே அளவு இலை எடுத்து, ஒரு டம்ளர் சுடுதண்ணில நல்லா கடுப்பமா போட்டு ஆற வெச்சு பிரிட்ஜ்ல வைங்க, இன்னொண்ணு பச்சத்தண்ணில ஊற வெச்சு பிரிட்ஜ்ல வைங்க, மறுநாள் ரெண்டையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க.

கசந்ததுக்கு காரணம் வேற, அது எலுமிச்சந்தோல். அதுக்கு வர்றேன்.

கஃபீனே இல்லையாமே?

கோல்ட் ப்ரூல கஃபீனே இல்லன்னு நிறைய பேரு நம்புறாங்க, புள்ளைங்களுக்கு ராத்திரி குடுக்குறவங்களும் இருக்காங்க, அதனால கணக்கோட சொல்றேன். அறை சூட்டுல இருக்குற பச்சத்தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 20 கிராம் கஃபீன் வரைக்கும் கரையும், பிரிட்ஜ் குளிர்ல அதவிடக் கம்மி. நாம போடுற 10 கிராம் தேயிலைல மொத்தமே 0.2ல இருந்து 0.4 கிராம் கஃபீன்தான் இருக்கு. அப்போ தண்ணிக்கு எடம் தாராளமா இருக்கு, நேரம்தான் கம்மி. ஒரு மணி நேரத்துல கொஞ்சம் வரும், ராத்திரி பூரா வெச்சா நல்லாவே வந்துரும். சுடு தேத்தண்ணிய விட பொதுவா கம்மியா இருக்கும்னு சொல்லலாம், இல்லவே இல்லன்னு சொல்றது தப்பு. தூக்கம் வராதவங்க சாயங்காலத்துக்கு மேல இதையும் தள்ளி வைக்கிறதுதான் சரி.

பழம் என்ன குடுக்குது, என்ன குடுக்காது

பழத்த வெட்டித் தண்ணில போட்டா அதுவும் இலை மாதிரியே டிஃப்யூஷன்லதான் சாறு விடுது. ஆனா காஞ்ச இலை மெல்லிசு, பழத்துண்டு தடிமன், உள்ள இருக்குறது வெளிய வர வழி தூரம். அதனாலதான் பெரிய துண்டா போட்டா ராத்திரி பூரா வெச்சாலும் தண்ணி தண்ணியாவே இருக்கும். மெல்லிசா சீவுங்க, இல்லன்னா கரண்டியால லேசா நசுக்குங்க.

வெளிய வர்றது மூணு விஷயம். மணம், புளிப்பு, கொஞ்சூண்டு சர்க்கரை. அந்த கொஞ்சூண்டுதான் நிறைய பேருக்கு ஏமாற்றம். மாம்பழம் 100 கிராம்ல சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கு. ஒரு லிட்டருக்கு 150 கிராம் மாம்பழம் போட்டு, அதுல இருக்குற சர்க்கரை ஒட்டுமொத்தமா தண்ணிக்கு வந்துருச்சுன்னே வெச்சுக்குவோம், அப்பவும் 100 மில்லிக்கு 2 கிராம்தான் ஆகுது. 2019 ஜூலை 1ல இருந்து நம்ம நாட்டுல இனிப்பு பானத்துக்கு வரி போட்டாங்களே, அந்த வரி பொதுவா 100 மில்லிக்கு 5 கிராமத் தாண்டுனாத்தான் வரும். நம்ம ஜாடி அதுல பாதியக்கூட தொடாது. சிராப் லிமாவ், ஆயிர் பண்டோங்னு கடைல விக்கிற ரோஸ் சர்பத் மாதிரி இனிக்கும்னு எதிர்பாத்தா கண்டிப்பா ஏமாந்துருவீங்க. சர்க்கரை நோயோட குடும்பமே அல்லாடுற வீடுங்க நம்ம பக்கம் எத்தனை இருக்கு, அதனாலயே எனக்கு இந்த பானம் மேல அவ்ளோ பிரியம். மணம் மூக்குல ஏறுறதால இனிப்பு கம்மின்னு நாக்கு பெருசா கேக்கறதில்ல.

எந்தப் பழம்னு கேட்டா, ஆயிர் ஈத்தாம் மார்க்கெட்ல கெடைக்கிறதுல எனக்கு முதல் இடம் கெடொண்டோங்தான், பச்ச மாங்கா மாதிரி புளிக்கிற பழம். தோல் சீவி மெல்லிசா அரிஞ்சு, கூட ஒரே ஒரு ஆசாம் போய் (உப்பு போட்டு காய வெச்ச புளிப்புப் பிளம்) போட்டா போதும், அதோட உப்பும் புளிப்பும் தேயிலையோட சேரும்போது வர்ற ருசி வேற எதுலயும் வராது. அன்னாசி நல்லா மணம் விடும். லைச்சி தோல் உரிச்சு, கொட்டை எடுத்து, கையால கிழிச்சுப் போடணும். பாதி பழுத்த மாங்கா அருமை, ஆனா ரொம்ப பழுத்தது கரைஞ்சு கூழாகி ஜாடியக் கலக்கிரும், பப்பாளி வாழைப்பழமும் அப்படித்தான், வேணாம். பினாங்குக்காரங்களுக்கு ஜாதிக்காய்ப் பழச்சாறு பழக்கம்தான், பாலேக் பூலாவ் பக்கம் அந்தப் பழம் கெடைச்சா ரெண்டு மூணு சீவல் போட்டுப் பாருங்க, அதுக்கு மேல போட்டா மத்த எல்லாத்தையும் அமுக்கிரும்.

இப்ப அந்த கசப்பு. எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரிங்கற குட்டி எலுமிச்சை, ஆரஞ்சு, இதுங்களோட மணம் தோல் மேல இருக்குற எண்ணெய்ல இருக்கு, கசப்பு அதுக்கு அடில இருக்குற வெள்ளை சதைலயும் கொட்டைலயும் இருக்கு. வட்டமா அரிஞ்சு ராத்திரி பூரா ஊற வெச்சா ரெண்டும் வந்துரும். அதனால இந்த இனத்த மட்டும் ஊற வைக்கவே வைக்காதீங்க, குடிக்கிற நேரத்துல சாற மட்டும் பிழிஞ்சு விடுங்க. பிழிஞ்ச உடனே தேத்தண்ணி செம்பழுப்புல இருந்து தேன் கலருக்கு வெளுக்கும். தண்ணி சேந்து நீத்துப் போச்சுன்னு நெனைக்க வேணாம், தேயிலைல இருக்குற நிறப்பொருள் புளிப்பு பட்டா நிறம் மாறும், அவ்ளோதான்.

ஒரு எச்சரிக்கை, இத தயவுசெய்து மறந்துராதீங்க. பெலிம்பிங்னு சொல்ற நட்சத்திரப்பழம் ஜாடில பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஆனா கிட்னி நோய் இருக்குறவங்களுக்கு அது விஷம் மாதிரி, டயாலிசிஸ் பண்றவங்க அந்தச் சாற தொடவே கூடாது. விருந்தாளிங்கள்ல யாருக்கு என்ன நோய்னு நமக்குத் தெரியாது, அதனால பொதுவா வைக்கிற ஜாடில நான் அத போடறதே இல்ல.

சுருக்கமா, பழம் மணத்துக்கும் புளிப்புக்கும்தான், இனிப்புக்கு இல்ல. மத்தது மெல்லிசா சீவி ஊறலாம், லிமாவ் இனம் கடைசியா பிழியணும்.

ஒரு லிட்டர் போடுறது எப்படி

காய்ச்சி ஆற வெச்ச தண்ணி, இல்ல பில்டர் தண்ணி 1 லிட்டர். தேயிலை 8ல இருந்து 10 கிராம், பைன்னா நாலஞ்சு. தராசு இல்லாதவங்களுக்கு, தூளா இருந்தா நாலு டீஸ்பூன், பெரிய இலைன்னா இன்னும் கூட ரெண்டு.

நம்ம வீட்ல பெரும்பாலும் இருக்குறது தூள்தான். கேமரன் மலைல ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் 1929ல ஆரம்பிச்சது, நம்ம ஆளுங்க எத்தனை தலைமுறை அந்தச் சரிவுல கூடை கட்டி நின்னாங்க, ஆனா நாம வாங்கிப் பழகுனது கடுப்பமா தே போடுற பொடிதான். பொடில தண்ணி படுற பரப்பு ஜாஸ்தி, சாறு சீக்கிரம் இறங்கிரும், அதனால 4 மணி நேரம் போதும், மெல்லிசு துணில வடிகட்டணும். முழு இலைன்னா கருப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் 6ல இருந்து 8 மணி நேரம், ஊலோங்னு ஒரு தேயிலை வகை சுருண்டு கெடக்குறதால 10 மணி நேரம் வரைக்கும் விடலாம். மூணும் ஒரே செடிதான், பறிச்ச அப்புறம் பதப்படுத்துற விதம்தான் வேற.

நான் செய்றது இப்படி. ராத்திரி பத்து மணிக்கு இலையும் தண்ணியும் ஜாடில, மூடி போட்டு நேரா பிரிட்ஜ்ல. காலைல ஆறு மணிக்கு இலைய வடிச்சு எடுத்துருவேன், அப்புறம்தான் பழம். பழத்துக்கு இன்னொரு நாலு மணி நேரம். ரெண்டையும் ஒண்ணா போட்டா என்னன்னு கேப்பீங்க, போடலாம், ஆனா இலைக்கு ஒரு நேரம், பழத்துக்கு ஒரு நேரம், ஒண்ணுக்காக காத்திருந்தா இன்னொண்ணு அளவ தாண்டிப் போயிரும். தனித்தனியா போட்டா ரெண்டும் நம்ம கைல இருக்கும்.

ஐஸ் கட்டி போட்டா இது சீக்கிரமே நீத்துப் போகும், ஏன்னா ஏற்கனவே மென்மையான பானம். போட்டதுல ஒரு டம்ளர எடுத்து ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சுக்குங்க, அந்தக் கட்டி கரைஞ்சாலும் தேத்தண்ணியாத்தான் கரையும்.

ஏன் பிரிட்ஜ், ஏன் மேசை மேல வைக்கக் கூடாது

சுடுதண்ணி சாறு இறக்குறதோட இன்னொரு வேலையும் பண்ணுது, இலைல இருக்குற கிருமிய கொல்லுது. பச்சத்தண்ணி அத பண்ணாது. தோட்டத்துல இருந்து வந்த இலை, மார்க்கெட்ல இருந்து வந்த பழம், ரெண்டுலயும் கிருமி இருக்கலாம். 5 டிகிரிக்கு மேல 60 டிகிரிக்குக் கீழ அதுங்களுக்கு கொண்டாட்டம், நம்ம ஊரு சமையல்கட்டு எந்நேரமும் 30 டிகிரில நிக்குது. சில பேரு வெயில்ல ஜாடிய வெச்சு ஊற வைக்கிறாங்க, அது இன்னும் மோசம், கிருமி வளர்ற அளவுக்கு சூடாகும், சாகுற அளவுக்கு ஆகாது.

அதனால ஜாடிய கொதிக்கிற தண்ணில கழுவுங்க, பழத்த தோலோட கழுவிட்டு அப்புறம் வெட்டுங்க, ஊறுறது முழுக்க பிரிட்ஜ்ல. பழத்துண்ட 12 மணி நேரத்துக்கு மேல உள்ள விடாதீங்க, மொத்தத்த ரெண்டு நாளைக்குள்ள முடிச்சிருங்க. நுரை, கொழகொழப்பு, புளிச்ச வாடை எது தெரிஞ்சாலும் யோசிக்காம கொட்டிருங்க. கைக்குழந்தைக்காரி, மாசமா இருக்குறவங்க, கீமோ எடுக்குறவங்க வீட்ல இருந்தா அவங்களுக்கு சுடுதண்ணில போட்டு ஆற வெச்சதே நல்லது.

பந்தலுக்கு என்ன பண்றது

அண்ணிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "வீட்டுக்கு கோல்ட் ப்ரூ போடுங்க அண்ணி, பந்தலுக்கு வேணாம்." 20 லிட்டர பிரிட்ஜ்ல வைக்க எடம் இல்ல, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்து வெயில்ல மணிக்கணக்கா நிக்கிற பானத்த பச்சத்தண்ணில போட்டுக் குடுக்க எனக்கு மனசு வராது, காவடி எடுத்துட்டு வெறும் வயித்தோட வர்றவங்க குடிக்கிறது அது.

பந்தலுக்கு ஐஸ் தேயே போடலாம், கலங்காம கசக்காம. 20 லிட்டருக்கு 100 கிராம் இலை, 6 லிட்டர் கொதிக்கிற தண்ணில 4 நிமிஷம் மட்டும், உடனே வடிகட்டி, அது சூடா இருக்கும்போதே காய்ச்சி ஆற வெச்ச தண்ணியோட கலந்துறணும். கடுப்பமா இருக்கும்போது ஆற விட்டாத்தான் டேனினும் கஃபீனும் ஒண்ணுசேரும், முன்னாடியே நீர்த்துட்டா அவ்வளவா சேராது. அப்புறம் ஐஸ், கடைசியா லிமாவ் கஸ்தூரிச் சாறு, தோல் ஒண்ணுகூட உள்ள விழக் கூடாது. ஒரே தடவைல 20 லிட்டரையும் கலக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புதுசா கலக்கணும். லிட்டருக்கு ஆறு காய்னாலே 120 காய் வருது, பிழியறதுக்கு மட்டும் ரெண்டு பேர தனியா நிறுத்துங்க, கைல வெட்டுக்காயம் இருக்குறவங்கள அந்த வேலைக்கு விடாதீங்கன்னு சொல்லிருக்கேன்.